கூலி என்ற சொல்லும் ரேஷன் கார்டு என்ற காகிதமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்குச் சுவரொட்டியில் போட்டிருந்த தலைப்பு 'கணக்கெடுப்பும் நமது கடமையும்' என்பது. அந்தத் தலைப்பில்தான் பேசப் போகிறோம். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியிருக்கிறது. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு பாட்டியம்மா சங்க அறைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கம். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு காகிதம். வந்ததும் வராததுமாக, "என்னய்யா, நம்ம வீட்டுல பாத்திரம் இல்லன்னு எழுதிட்டானுவளாம்லா? அடுப்படி நெறையக் கெடக்கு. வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். மராத்தியில் 'அபாத்ர' என்று இருந்தது. 'பாத்ர' என்றால் தகுதி உள்ளவர், 'அபாத்ர' என்றால் தகுதி இல்லாதவர். பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறான். பாட்டியம்மா காதில் அது பாத்திரமாக விழுந்துவிட்டது.

அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் சொல் ஒன்றுதான். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம்மிடமும் ஒரு பழமொழி இருக்கிறது. அந்தப் பாத்திரம்தான் இந்தப் பாத்ர. ஒரே சொல் நம் வீட்டில் சோறு வடிக்கும் பண்டமாகவும், சர்க்கார் ஆபீஸில் வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிக்கும் முத்திரையாகவும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அர்த்தம் புரியவில்லை என்பது நிஜம். சிரித்த நமக்கு மட்டும் எவ்வளவு புரிந்திருக்கிறது? அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய சொந்தச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலி.

கூலி என்றால் என்ன? செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய பணமோ நெல்லோ. அவ்வளவுதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அது உடம்பை வருத்தி முயன்றவனுக்குக் கிடைக்கும் பலனைக் குறிக்கிறது. கடவுளையும் ஒரு பக்கம் நிறுத்திவிட்டு வள்ளுவர் எடுத்து வைத்த சொல் அது.

இந்தச் சொல் எங்கள் கையில் இருந்தவரைக்கும் ஒரு பொருளின் பெயர். அடுத்தவன் கைக்குப் போனதும் ஆளின் பெயராகிவிட்டது. கூலி வாங்குகிறவன் என்று சொல்வதற்குப் பதிலாக, அவனையே கூலி என்றார்கள். சம்பளம் வாங்கும் துரையை யாராவது 'ஏ சம்பளம், இங்கே வா' என்று கூப்பிட்டதுண்டா?

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களைத் தொகுத்து 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி 1886-ல் வெளிவந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அந்த அகராதி இரண்டு வழியையும் சொல்கிறது. ஒன்று, தமிழ்ச் சொல்லான கூலி. இன்னொன்று, இந்த மேற்குக் கரையில் வாழும் கோலி என்ற சமூகத்தாரின் பெயர். கோலி யார் என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தீவின் பூர்வீக மீனவர்கள். நமது குடிசைகள் வருவதற்கு முன்பே இருந்த தாராவி கோலிவாடா அவர்களுடையது. ஆக, தமிழனுடைய சொல்லோ கோலியின் பெயரோ, எது மூலமாக இருந்தாலும், அந்த வசவுக்குப் பாத்தியப்பட்ட இரண்டு கூட்டமும் இன்று ஒரே சாக்கடையின் இரண்டு கரையில் குடியிருக்கிறது. மண்ணின் மைந்தன், வந்தேறி என்று நம்மையும் அவர்களையும் பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கப்பல் ஏறிய பிறகு சொல் இன்னும் கெட்டது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தம் எழுதிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன 300-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். மாதம் 10 ஷில்லிங். அங்கே வெள்ளைக்காரன் அவர்களைக் கூலி என்றான். சரி, தோட்டத்தில் வேலை செய்கிறவனைச் சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் கடை வைக்கப் போன வியாபாரியும் அவனுக்குக் கூலி வியாபாரிதான். 1893-ல் வக்கீலாகப் போன காந்தியும் கூலி பாரிஸ்டர்தான். வேலையைக் குறித்த சொல் தோலைக் குறித்தது. அதற்கு மேல் இறங்க இடமில்லை.

அதே ஊரில் நம்மவர்களுக்கு இன்னொரு பட்டப்பெயரும் இருந்தது. சாமி! ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று பெயர்களைக் கேட்டுக் கேட்டு, எல்லாத் தமிழனையும் 'ஏ சாமி' என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம் என்பது கூப்பிட்டவனுக்குத் தெரியாது. வாய் உள்ள சிலர், என்னை எஜமான் என்கிறாயே, நான் உனக்கு எஜமான் இல்லையே என்று திருப்பிக் கேட்பார்கள் என்று காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சில பேர் கேட்டு முகம் சுளிப்பார்களாம், சில பேர் அடிக்க வருவார்களாம். கும்பிடும் சொல்லே வசவாக முடியும் என்றால் எந்தச் சொல்தான் பத்திரம்?

அங்கிருந்து நம்முடைய ரயில்வே ஸ்டேஷனுக்கு வருவோம். சிவப்புச் சட்டை போட்டு, கையில் பித்தளைப் பில்லை கட்டி, தலையில் பெட்டி சுமக்கும் தோழர்களைத் தெரியும் அல்லவா? டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து இத்தனை வருஷம் அவர்களைப் பார்த்து வருகிறோம். நம்மைப் போன்ற குமாஸ்தாவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. அவர்களுக்கு ரயில்வே சம்பளம் தருவதில்லை. சுமப்பதற்கு லைசென்ஸ் தருகிறது, ரேட்டை நிர்ணயம் செய்கிறது. காசைப் பிரயாணியிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது, யாருக்குக் கூலி என்றே பெயரோ, அவருக்கு அந்த நிர்வாகத்திடமிருந்து கூலி கிடையாது.

2016 பிப்ரவரியில் ரயில்வே பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி இவர்களைக் கூலி என்று அழைக்கக் கூடாது, 'சஹாயக்' என்று அழைக்க வேண்டும். உதவியாளர் என்று பொருள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. மரியாதை கேட்டு வாங்க வேண்டிய விஷயம். ஆனால் அன்றைக்குப் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் எங்களிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. "பெயர் மாறிப்போச்சு, சரி. மாசச் சம்பளம் உண்டா? பென்ஷன் உண்டா?" அதற்கு முன்னால் 2008-ல் லாலு பிரசாத் மந்திரியாக இருந்தபோது இவர்களை கேங்மேன் வேலைக்கு எடுப்பதாக அறிவித்தார்கள், பலர் எடுக்கப்படவும் செய்தார்கள். அப்போது சொல்லை யாரும் மாற்றவில்லை, நிலைமை மாறியது. இந்த இரண்டில் எது பெரிய மாற்றம் என்று எந்தப் பிளாட்பாரத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பித்தளைப் பில்லையையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். எதற்காகக் கொடுத்தார்கள்? சாமான் காணாமல் போனால் நம்பரை வைத்து ஆளைப் பிடிப்பதற்காக. சந்தேகத்தில் பிறந்த பண்டம் அது. இன்று அந்தக் குடும்பங்களில் அதுதான் சொத்து. அப்பனுக்கு முடியாமல் போனால் மகன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதை நம்பிப் பெண் கொடுக்கிறார்கள். ஆளைப் பிடிக்க வைத்த நம்பரை, அந்த ஆளே இறுகப் பிடித்துக்கொண்டான். பண்டத்தின் அர்த்தத்தை மாற்றுவது மேலே இருப்பவன் மட்டும் அல்ல, நாமும்தான். இதை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மதராஸி என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்தது. தெலுங்கர், மலையாளி, கன்னடர், ஒரியா பேசுகிறவர் எல்லாம் அதில் அடக்கம். அப்போது அது சரியான பெயர்தான். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. 1969-ல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. 1996-ல் நகரத்தின் பெயரும் சென்னை ஆயிற்று. மதராஸ் என்ற ஊரே வரைபடத்தில் இல்லை, மதராஸி மட்டும் போகவில்லை. 1966-ல் சிவசேனை தொடங்கியபின் தென்னாட்டுக்காரர்களை விரட்ட எழுப்பிய கோஷத்தில் லுங்கிதான் கொடியாக இருந்தது. இத்தனைக்கும் ஆபீஸ்களில் நம்மவர் இடம் பிடித்துவிட்டார்கள் என்றுதான் புகார். ஆபீஸுக்கு எந்தத் தமிழன் லுங்கி கட்டிக்கொண்டு போனான்? வீட்டில் காற்றாட உடுத்தும் துணி. அதை வைத்து ஓர் இனத்தையே அடையாளம் காட்டினார்கள்.

டில்லியில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில், ஜங்புரா பக்கம், 'மதராஸி கேம்ப்' என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருந்தது. வீட்டு வேலை, கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் நம் குடும்பங்கள். வசவாகக் கிடைத்த பெயரையே முகவரியாக வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டிலும் ஓட்டர் அட்டையிலும் எழுதி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். 2025 ஜூன் 1-ஆம் தேதி ஐகோர்ட் உத்தரவின் பேரில் அதை இடித்தார்கள். தகுதி உண்டு என்று சொல்லப்பட்டவர்களுக்கு நகரத்தின் மறுகோடியில் நரேலாவில் வீடு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குடும்பங்கள் தகுதி இல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. டில்லி நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்கக் கூடாது. அங்கே 'அயோக்ய' என்று எழுதினாலும் இங்கே 'அபாத்ர' என்று எழுதினாலும் புல்டோசருக்கு மொழி வித்தியாசம் கிடையாது.

இப்போது காகிதத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம், தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.

ரேஷன் கார்டு எதற்காக வந்தது? இரண்டாம் உலக யுத்தம். தானியத் தட்டுப்பாடு. 1943-ல் இந்தப் பம்பாய் நகரத்தில் ரேஷன் முறையைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தில் எத்தனை வயிறு என்று எண்ண வேண்டும், அதற்கு ஒரு கார்டு. பெரியவருக்கு முழு யூனிட், குழந்தைக்கு அரை யூனிட். அரிசி இவ்வளவு, கோதுமை இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கார்டு மட்டும் நின்றது.

ஊரிலிருந்து ரயிலேறி தாதரில் இறங்கியவனுக்கு இந்த நகரத்தில் என்ன இருந்தது? பட்டா இல்லை. வாடகைச் சீட்டு இல்லை. குடிசைக்குக் கொடுத்த பணத்துக்குத் தாதா ரசீது தருவானா? சர்க்கார் முத்திரை குத்தி, நம் பெயரையும் இந்த ஊர் முகவரியையும் ஒன்றாகப் போட்ட முதல் காகிதம் பலருக்கு ரேஷன் கார்டுதான். கேஸ் கேட்டால் ரேஷன் கார்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ரேஷன் கார்டு. போலீஸ் பிடித்தால் ரேஷன் கார்டு. கோதுமையில் புழு இருந்ததற்காகக் கடைக்காரனிடம் சண்டை போட்ட தாய்மார்கள்கூட, கார்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்கள். அரிசி வாங்காவிட்டாலும் கார்டில் முத்திரை விழ வேண்டும் என்பதற்காகவே கடைக்குப் போன மாதங்கள் உண்டு. வயிற்றுக்காக வந்த காகிதம், இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. யாரும் சட்டம் போட்டு ஆக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஆக்கினார்கள், காட்டிக் காட்டி ஆக்கினோம்.

1999-ல் மகாராஷ்டிர சர்க்கார் கார்டுக்கு மூன்று நிறம் பூசியது. வருஷ வருமானம் 15,000 ரூபாய்க்குள் என்றால் மஞ்சள். அதற்கு மேல் ஒரு லட்சம் வரை காவி. ஒரு லட்சத்துக்கு மேல் வெள்ளை. தாராவியில் உழைக்கிற எந்தக் குடும்பம் மாதம் 1,250 ரூபாயில் உயிர் வாழ்ந்தது? ஆகவே நம்மில் பெரும்பாலோர் ஏழை இல்லை என்று கார்டு சொல்லிவிட்டது! நிறத்தால் அரிசி குறைந்தது, ஆனால் கார்டை ஒருவரும் தூக்கி எறியவில்லை. அரிசிக்காக அதை வைத்திருந்த காலம் அதற்கு முன்பே போய்விட்டதே.

அதற்கு முன்னால் இன்னொரு காகிதம் உண்டு. 1976 தொடக்கத்தில் நகரம் முழுவதும் குடிசைகளை எண்ணினார்கள். கதவில் நம்பர் எழுதி, குடும்பத்தைப் படம் பிடித்து, போட்டோ பாஸ் கொடுத்தார்கள். எண்ணியது நமக்கு வீடு கொடுக்கவா? புதிதாகக் குடிசை போடாமல் தடுக்க. எண்ணிய அதே ஆண்டில் டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை, தமிழர்கள் ஏராளமாக வாழ்ந்த காலனியை, அப்புறப்படுத்தி சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நெருக்கடி நிலைக் காலம். அந்த மக்களுக்காகப் போராடியவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்க வயலில் பிறந்தவர், 2018-ல் காலமானார். தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளுங்கள், சர்க்கார் கணக்குக்கு முன்னால் உங்கள் கணக்கு தயாராக இருக்க வேண்டும் என்பதை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் அவர். ஒரு சிறிய சங்கமான நாங்கள் இன்று தெருத் தெருவாகப் பட்டியல் எடுப்பது அவர் காட்டிய வழிதான்.

ஐந்து ஆண்டு கழித்து, 1981 ஜூலையில், மழைக்கு நடுவில், நடைபாதைவாசிகளைப் பிடித்து ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்று மாநில முதலமைச்சர் அறிவித்தார். சேலத்திலிருந்து 1961-ல் வேலை தேடி வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியின் குடிசையை இடித்து, அவரையும் குடும்பத்தையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார். அங்கே வேலை இல்லை என்பதால்தானே இருபது வருஷத்துக்கு முன்பு வந்தார்? வந்தவர் சுப்ரீம் கோர்ட்டில் மனுதாரர்களில் ஒருவராக நின்றார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர். பத்திரிகையாளர் பெயரில் வழக்கு பிரபலமானது, நம் ஆளின் பெயர் சட்டப் புத்தகத்துக்கு உள்ளே இருக்கிறது.

1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பில் இன்றைய பேச்சுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, சட்டப்படியான முறை இல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது. எழுதியவர்கள் மனதில் தூக்குமரமும் சிறைச்சாலையும் இருந்திருக்கும். நடைபாதைக் குடிசை இருந்திருக்காது. கோர்ட் அந்த உயிர் என்ற சொல்லைப் பிழைப்பு வரைக்கும் நீட்டியது. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததுதான் என்றது. ஒரு சொல் தன் பழைய வேலியைத் தாண்டி நம் பக்கம் வந்த தருணம் அது. தாண்ட வைத்தவன் சேலத்துக்கு பஸ் ஏற்றப்பட்டும் திரும்பி வந்தவன்.

உடனே கை தட்டிவிடாதீர்கள். மீதியையும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்துவிட்டு இடிக்கலாம் என்றும் சொன்னது. அந்த மழைக்காலம் முடிந்து, அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்றது. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு. பாருங்கள், நம்மைத் தடுக்க எடுத்த கணக்கு ஒன்பது வருஷத்தில் நம்மைக் காக்கும் கணக்காக மாறியது. அட்டை வைத்திருந்தவன் தப்பினான். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தவன், ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தவள், அட்டையைத் தொலைத்தவன் தப்பவில்லை.

காகிதத்தின் அர்த்தம் எதிர்ப்பக்கமும் திரும்பும். 2015-ல் மத்திய சர்க்கார் பொது விநியோகத்துக்குப் போட்ட கட்டுப்பாட்டு உத்தரவில், ரேஷன் கார்டை அடையாளத்துக்கோ குடியிருப்புக்கோ சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எழுபது வருஷமாகக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இது வெறும் அரிசிச் சீட்டு என்றால் என்ன செய்வது? ஆனால் அதுவும் ஒரு சமயம் உதவியது. டில்லியில் கட்புத்லி காலனி, பொம்மலாட்டக்காரர்கள் வாழ்ந்த இடம். அங்கே மாற்று வீடு கேட்டவர்களிடம் ரேஷன் கார்டு இருந்தே தீர வேண்டும் என்று அதிகாரிகள் அடம் பிடித்தார்கள். 2024-ல் டில்லி ஐகோர்ட், அந்தக் கார்டு உணவுப் பொருள் வாங்குவதற்கு மட்டும்தான், குடியிருப்புச் சான்றே ஆகாத ஒன்றைக் கட்டாயம் கொண்டுவா என்பது நியாயம் இல்லை என்றது. அங்கே கார்டு இல்லாதவனுக்கு நன்மை. இங்கே கார்டை மட்டுமே வைத்திருப்பவன் அதே வாசகத்தை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே காகிதத்தை நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

தாராவிக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அறிவித்த விதி உங்களுக்குத் தெரியும். 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத் தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மாலாவில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. இந்த மாலா என்ற சொல்லையும் கவனியுங்கள். ஊரில் நமக்குப் பரண் என்றால் நெல் குதிருக்கும் பழைய பெட்டிக்கும் இடம். இங்கே மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பரணை மாலா ஆக்கி, ஏணி போட்டு, ஒரு குடும்பத்தை ஏற்றிவிட்டோம். ஒரே உலை, ஒரே கதவு, ஒரே கரண்ட் பில். நம் கணக்கில் அது ஒரு வீடு. அவர்கள் கணக்கில் கீழே அப்பன் பாத்ர, மேலே மகன் அபாத்ர.

அந்தப் பாட்டியம்மா விஷயத்துக்கு வருகிறோம். அவர் தாராவிக்கு வந்தது எண்பதுகளில். பழைய ரேஷன் கார்டும் மற்றக் காகிதமும் எல்லாம் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் போய்விட்டன. ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு வாங்கிய கார்டில் பிறகு வந்த தேதிதானே இருக்கும்? அதைப் பார்த்துவிட்டு அபாத்ர என்று எழுதிவிட்டார்கள்.

விவரத்தைச் சொல்லிப் புரிய வைத்தோம். கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் காலையில் ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பித்தளைத் தவலை, கனம் நாலு கிலோ இருக்கும். கழுத்தைச் சுற்றிப் பெயர் வெட்டியிருந்தது. அவருடைய மூத்த மகளின் கல்யாணத்துக்குத் தெருக்காரர்கள் சேர்ந்து செய்த அன்பளிப்பு. மணமக்கள் பெயர், தாராவி என்ற ஊர்ப்பெயர், 1993 என்ற வருஷம், எல்லாம் தெளிவாக இருந்தது. "பாத்ரம் இல்லன்னாம்லா, இந்தா பாத்திரம்" என்று மேஜைமேல் வைத்தார்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தவலையைத் தூக்கிக்கொண்டு சம்பந்தப்பட்ட ஆபீஸுக்குப் போனோம். எதிர்பார்த்ததுதான், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றார்கள். அங்கிருந்த ஓர் அதிகாரி தவலையைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தாயார் வீட்டிலும் இப்படிப் பெயர் வெட்டிய சாமான் உண்டு என்றார். நல்ல மனிதர். ஆனால் பட்டியலில் தவலை இல்லை. பிறகு நாங்கள் பழைய வாக்காளர் பட்டியலைத் தேடினோம். தொண்ணூறுகளின் பட்டியல் ஒன்றில் அதே சாலில், அதே வரிசையில் ஒரு பெயர் இருக்கிறது. மராத்தி எழுத்தில் அவர் பெயர் பாதி தேய்ந்து, கணவர் பெயர் வேறு விதமாக விழுந்திருக்கிறது. ஆள் அவர்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அப்பீல் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டார் ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் கோலிவாடாக்காரர்கள். தவலையின் போட்டோவையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். செல்லுமா செல்லாதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. ரேஷன் கார்டும் ஒரு காலத்தில் பட்டியலில் இல்லாத சாமான்தான்.

தோழர்களே, 2025-ல் 'கூலி' என்று பெரிய எழுத்தில் ரஜினி படத்துக்குப் போஸ்டர் ஒட்டினோம். 1983-லும் அதே பெயரில் அமிதாப் படம் வந்து இந்த ஊரே விசில் அடித்தது. சினிமாவில் அந்தச் சொல்லுக்குக் கிரீடம் வைத்தாயிற்று. வெளியே அப்பீல் மனுவில் 'தொழில்' என்ற கட்டத்தில் கூலி என்று எழுத நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பிரைவேட் சர்வீஸ் என்று எழுதுகிறார்கள். எழுதும்போது யோசியுங்கள். தோல் பதனிடும் தொழில், மண்பாண்டத் தொழில், தையல், இட்லி வியாபாரம், எதுவோ அதை அப்படியே எழுதுங்கள். எத்தனை வருஷமாக, எந்தச் சந்தில் என்றும் எழுதுங்கள். தொழில் நடந்த இடமும் காலமும் பின்னால் சாட்சிக்கு உதவும். பிரைவேட் சர்வீஸ் எதற்கும் உதவாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறை திறந்திருக்கும். 2000-க்கு முந்தைய காகிதம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். கரண்ட் பில், பள்ளிக்கூட டி.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளை பிறந்த பதிவு, மணியார்டர் ரசீது, நீங்கள் இருந்த சாலின் முகவரிக்கு ஊரிலிருந்து வந்த தபால் முத்திரை விழுந்த கடிதம். கிழிந்திருந்தாலும் ஒட்டாதீர்கள், செல்லோ டேப் எழுத்தை அழித்துவிடும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களிடமும். ஜெராக்ஸ் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. மராத்தி படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தால் நல்லது. போன வாரம் ஒரே பையன் முந்நூறு பெயரைப் படித்துத் தொண்டை கட்டிக்கொண்டான். வீட்டில் பெயர் வெட்டிய பழைய பாத்திரம் இருந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.